ஆள் இருக்கும்போதே மாட்டிய மாலை

“தம்பி, ராணுவ மியூசியமா? எம் பேரு பெருமாள்சாமி. வருசநாட்டுலருந்து பேசுறேன். அங்கன எம் போட்டோவுக்கு மாலை போட்டிருக்காம்ல?”

காலை எட்டு மணி இருக்கும். ஒரு கையில் ஈரத்துணி, மறுகையில் போன். “ஆமாங்கய்யா, நல்ல மாலையாத்தான் போட்டிருக்கோம்” என்று சொல்லிவிட்டேன். இருபது வருடம் பெயிண்ட் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். யார் எதைக் கேட்டாலும் முதலில் ஆமாம். யோசனை அப்புறம்தான் வரும்.

வந்தது. நான் மாலை போட்டிருப்பதெல்லாம் இறந்துபோனவர்களுக்கு.

“ஐயா, நீங்க எங்கருந்து பேசுறீக?”

“வருசநாடுன்னு சொன்னேன்ல.”

எனக்கும் அது முதலிலேயே கேட்டிருந்தது. இருந்தாலும் உறுதி செய்துகொள்வது நல்லது என்று பட்டது.

அவர் குரலில் கோபம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணி இரவல் கேட்கிற குரல். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சுருளி அருவிக்குக் கூட்டிப்போனார்களாம். வழியில் வேன் நின்றுபோய், ரிப்பேர் முடிகிறவரைக்கும் பிள்ளைகளை என் மியூசியத்துக்குள் விட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தொங்குகிற அதே போட்டோ இங்கே மாலையோடு தொங்குவதைப் பேத்தி பார்த்துவிட்டது.

“வீட்டுக்கு வந்து ரெண்டு நாளா என்னையத் தொட்டுத் தொட்டுப் பாக்குது. அப்புறந்தான் விசயத்தச் சொல்லுச்சு. எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, மாலை என்ன கழுத்தவா வலிக்குது. ஆனா என் வீட்டுக்காரி வருது. போட்டோ இருக்குங்கிறது மட்டுந்தான் அதுக்குத் தெரியும், மாலை தெரியாது. எழுபது தாண்டின மனுசி. எம் மொகத்துல மாலையப் பாத்தா அது தாங்காது. அது கண்ணுல படக்கூடாது, அம்புட்டுத்தான். பதினோரு மணி வாக்குல வந்துருவோம்.”

“இன்னைக்கேவாங்கய்யா?”

“இன்னைக்குத்தான் வரணும்” என்றார். ஏன் என்று சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

இரண்டு டஜன் மாலை

போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ‘துப்பாக்கியே இல்லாத ராணுவ மியூசியம் என்ன மியூசியம்?’ என்று எழுதியிருக்கிறார். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும் ஐயா. டிரங்குப் பெட்டிக்கு வேண்டாம்.

தேனியில் என் பெயிண்ட் கடையின் மாடியில் இரண்டு அறை. அதுதான் மியூசியம். பதினோரு டிரங்குப் பெட்டிகள், நசுங்கிய தண்ணீர் பாட்டில்கள், மெடல்கள், ஒரு விஷவாயு முகமூடி. வருகிற விவசாயிகள் அந்த முகமூடியின் முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள். திராட்சைக்கு மருந்தடிக்கத் தோதாக இருக்கும், எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள்.

எதிரே மெக்கானிக் கடை. சுருளிக்கும் குமுளிக்கும் போகிற வேன்கள் அங்கே வந்து படுத்துக்கொள்ளும்போது எனக்குக் கூட்டம். பாதிப் பேர் பாத்ரூம் கேட்டுத்தான் மேலே ஏறுவார்கள். அது சுத்தமாக இருக்கிறது என்று வருகைப் பதிவேட்டில் நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். மியூசியத்தைப் பற்றி அப்படி யாரும் எழுதவில்லை.

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து முதல் அணிவகுப்பிலேயே வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தேன். வரிசை கலையாமல் நேராக விழுந்தேன் என்று எங்கள் ஹவில்தார் பாராட்டினார். ராணுவம் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

இந்தப் பக்கத்து ஊர்களில் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு குறைவு. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறபோது பரணிலிருந்து பெட்டி இறங்கும். பெயிண்ட் வாங்க வந்த இடத்தில், “எங்கய்யா பெட்டி ஒண்ணு கெடக்கு, எடைக்குப் போடப்போறேன்” என்பார்கள். எனக்கு மனசு கேட்காது. இப்படிச் சேர்ந்ததுதான் எல்லாம்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் பார்த்தால், சுவரில் இருபத்துமூன்று போட்டோக்கள் மொட்டையாகத் தொங்கின. மதுரையிலிருந்து சந்தன நிற மணிமாலை இரண்டு டஜன் வரவழைத்து, ஏணி போட்டு வரிசையாக மாட்டிக்கொண்டே போனேன். கறுப்பு வெள்ளை போட்டோ, அதில் பட்டாளத்து உடுப்பு. ஆள் இருக்கமாட்டார் என்பது என் முடிவு.

ஒரு மாலை மிஞ்சியது. அதை என்ன செய்வது என்று நெடுநேரம் யோசித்தேன். மற்ற இருபத்துமூன்றைப் பற்றி யோசிக்கவில்லை. இதெல்லாம் நடந்து நாலு வருடம்.

இருக்காகளா?

பெருமாள்சாமி போனை வைத்ததும் எனக்கு உதித்த முதல் கேள்வி: இவர் ஒருத்தர்தானா?

போட்டோ கொடுத்த வீடுகளின் நம்பர்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் வீட்டில் இன்னார் உயிரோடு இருக்கிறாரா என்று காலை வேளையில் ஒருவரிடம் எப்படிக் கேட்பது? நீங்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். எனக்கு வியர்த்ததில் போன் திரை விரலுக்கு மசியவில்லை.

போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி வீடு. “உங்க மாமனாரு எப்படியிருக்காக?” என்றேன், பொதுவாக.

“இருக்காக. இந்தா, பேசுங்க” என்று அந்த அம்மாள் போனைக் கொடுத்துவிட்டார். நாலு வருடமாக என் சுவரில் மாலையோடு இருப்பவர், இந்த வருடம் மழை தப்பியதையும் காய் சிறுத்துப்போனதையும் எனக்குப் பத்து நிமிடம் விளக்கினார். நான் நின்றுகொண்டே கேட்டேன். உட்காரத் தோன்றவில்லை.

அடுத்தது தேனி கடைவீதியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் வீட்டுப் பெரியவர் காலமானது உண்மைதான். நிம்மதியாக இருந்தது, நிம்மதிப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. “ஆனா நாங்க போட்டோவுக்கு மாலை போடுறதில்லீங்களே” என்றார் மகன். ஓரிடத்தில் ஆள் இருக்கிறார், மாலை கூடாது. இன்னோரிடத்தில் ஆள் இல்லை, அப்போதும் மாலை கூடாது.

கீழே கடையைப் பார்த்துக்கொள்ளும் என் வீட்டுக்காரி டீயோடு மேலே வந்தாள். முழுக்கக் கேட்டாள். “மாலை போடுறதுக்கு முன்னாடி ஆளு இருக்காகளா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சு போவீக?” என்றுவிட்டு, டீயைக் கொடுக்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

வாட்ச் கட்டியவர்

பெருமாள்சாமியின் போட்டோவில் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் மீசை, இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, பின்னால் ஸ்டுடியோ திரைச்சீலையில் ஒரு ஏரி. போட்டோச் சட்டத்துக்கு மொத்தமாக ஒரே மாலை. இதில் ஒருவர் செல்லத்துரை, வங்காளப் பக்கம் நடந்த சண்டையில் இறந்துபோனவர். போட்டோவைப் பெட்டியோடு கொடுத்தவர் அவருடைய தம்பி மகன் முருகேசன். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம்.

அன்றைக்கே கேட்டேன், “இதுல உங்க பெரியப்பா யாரு?” என்று.

“எனக்கெங்கண்ணே தெரியும்? எங்கப்பாவே அப்பக் கைப்புள்ள. எங்க தாத்தா கடைசிவரைக்கும் பெட்டியத் தெறக்கவே விடலை. அவருக்குப் பெறகுதான் தெறந்தோம்.”

பெட்டிக்குள் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. போட்டோவில் இடப்பக்கம் நிற்பவர் கையில் அதே கடிகாரம். அதே வட்டம், அதே தோல் பட்டை. ஆக, இடப்பக்கம்தான் செல்லத்துரை. லென்ஸ் வைத்துப் பார்த்து நானே கண்டுபிடித்தது. ‘இடது: செல்லத்துரை, வீரமரணம். வலது: உடன் பணியாற்றியவர்’ என்று கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டினேன். ஆராய்ச்சி என்றால் இதுதான் என்று அன்றிரவு வீட்டில் பேசியும் இருக்கிறேன்.

இப்போது அந்த ஆராய்ச்சியின்படி பெருமாள்சாமி வலப்பக்கம். மாலையைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டேன். வேலை முடிந்தது என்று மூச்சு விட்ட நேரத்தில் போன் வந்தது.

“அண்ணே, பூ மாலை கட்டி வாங்கியாச்சு. கெளம்பிட்டேன்” என்றார் முருகேசன்.

அன்றைக்குத்தான் செல்லத்துரையின் நினைவு நாள். வருடா வருடம் முருகேசன் கட்டாயம் வருவார். எனக்கு மறந்துபோயிருந்தது. பெருமாள்சாமிக்கு மறக்கவில்லை. ஏன் இன்றைக்கு என்பது அப்போதுதான் விளங்கியது.

இருப்பது ஒரே போட்டோச் சட்டம். ஒருவருக்கு மாலை போட்டே ஆகவேண்டும். இன்னொருவருக்குப் போடவே கூடாது. போட்டோவை நடுவில் வெட்டலாமா என்று யோசித்தேன். யோசித்ததோடு நிற்காமல் கத்தரிக்கோலையும் எடுத்து வைத்தேன். அது கைதவறிக் கீழே விழுந்தது, அப்படியே விட்டேன். பிறகு கடைக்கு ஓடி ஒரு ஷேடு கார்டு எடுத்துவந்தேன். சுவருக்கு நிறம் தேர்ந்தெடுக்க வாடிக்கையாளருக்குக் காட்டுகிற அட்டை. அளவெடுத்த மாதிரி வலப்பக்கத்து ஆளைத் தலை முதல் இடுப்பு வரை மறைத்தது. டேப் போட்டு ஒட்டினேன். செல்லத்துரைக்குப் பக்கத்தில் இப்போது பதினாறு வகை நீலம் நின்றது.

முருகேசன் சொன்ன நேரத்துக்கு முன்பே பைக்கில் வந்து இறங்கினார். சம்பங்கி மாலை, ஒரு பை திராட்சை. அட்டையைப் பார்த்தார்.

“இது என்னண்ணே?”

“வெளிச்சம் பட்டா பழைய போட்டோ மங்கிரும். பாதுகாப்பு.”

“அப்ப எங்க பெரியப்பா மங்கமாட்டாரா?”

“அவரு பட்டாளத்துக்காரரு. தாங்குவாரு.”

“பக்கத்துல நிக்கிறவரும் பட்டாளத்துக்காரருதானண்ணே?”

நான் ஊதுபத்தியைப் பற்றவைத்தேன். முருகேசன் மாலையை இடது மூலையில் மாட்டி, கண்ணாடிமேல் அந்த நெற்றிக்குப் பெரிய சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். பதினோரு மணிக்குள் போய்விடுவார் என்று நான் போட்டிருந்த கணக்கை அவர் மதிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் திராட்சைப் பையை அவிழ்த்தார்.

மேலே ஏறி வந்தவர்கள்

முதலில் வந்தது பெருமாள்சாமியின் மனைவி. வீராயி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மெலிந்த உடம்பு, அரக்குச் சேலை, நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். “இவுக முட்டிய மடக்கி ஏறி வர நேரமாகும் தம்பி. போட்டோ எங்கன இருக்கு?” என்றார்.

எனக்குப் பயம் இல்லை. உள்ளபடியே பெருமையாக இருந்தது. மாலை இறந்தவருக்கு, இருப்பவருக்கு ஷேடு கார்டு. அந்த அம்மாள் பார்க்கக்கூடாதது எதுவுமே அங்கே இல்லை. கையை நீட்டிக் காட்டினேன்.

அவர் போட்டோவின் முன்னால் போய் நின்றார். ஊதுபத்திப் புகை ஒரு சுற்றுச் சுற்றி விலகியது. சம்பங்கி வாசனை அறை முழுக்க இருந்தது.

“இது இவுகதானே” என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. விரல் மாலைக்குள் இருந்த முகத்தில் நின்றது.

பின்னாலேயே பெருமாள்சாமி ஏறி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெட்டிய நரைமீசை, நேரான முதுகு. ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்த்தார்.

“தம்பி” என்றார் மெதுவாக. “நான் அந்தப் பக்கம் இல்ல.”

என்.சி.சி.யில் மயங்குவதற்கு முன் காதுக்குள் ஒரு இரைச்சல் வந்தது ஞாபகம் இருக்கிறது. அது வந்தது. ஆனால் விழவில்லை, பிடித்துக்கொள்ள விஷவாயு முகமூடி இருந்த அலமாரி பக்கத்தில் இருந்தது.

முருகேசன் எழுந்தார், நானும் நகர்ந்தேன். “யாரும் தொடாதீக” என்றார் வீராயி அம்மா.

மாலையை அவரே கழற்றினார். சேலைத் தலைப்பை நாக்கில் ஈரப்படுத்தி, சின்னப்பிள்ளை முகத்தைத் துடைக்கிற மாதிரி அந்தக் கண்ணாடி நெற்றியைத் துடைத்தார். பொட்டு இழுபட்டு மீசைவரைக்கும் வந்தது. மறுபடி ஈரப்படுத்தித் துடைத்தார். சந்தனத்தின் தடம் போகிறவரைக்கும் விடவில்லை.

“எத்தன வருசமா கெடக்கு?”

“பூ மாலை இன்னைக்குத்தான்மா. மணிமாலை நாலு வருசமா.”

“நாலு வருசமா.” மனசுக்குள் எண்ணினார். “அப்ப இவுக நெஞ்சு ஆப்பரேசனுக்கு முந்தியே போட்டுட்டீகளா?”

“ஆமாம்மா.”

திரும்பிப் புருசனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “மாலை, ஆப்பரேசன் எல்லாத்துக்கும் அசையாமத்தான் இருக்காக” என்றார். சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரிப்பேருக்குப் போனது

“அப்ப எங்க பெரியப்பா யாரு?” என்றார் முருகேசன். ஒரு திராட்சை இன்னும் வாயில் இருந்தது.

நான் என் ஆராய்ச்சியை ஒப்பித்தேன். பெட்டியிலிருந்த வாட்ச், போட்டோவிலிருந்த வாட்ச். கண்ணாடிப் பேழையைத் திறந்து அதை எடுத்துக் காட்டவும் செய்தேன்.

பெருமாள்சாமி கடிகாரத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “இது செல்லத்துரை வாட்ச்சுதான். போட்டோவுக்காக நான் இரவல் வாங்கிக் கட்டினது. பொண்ணு வீட்டுக்கு அனுப்ப ஒரு போட்டோ வேணும்னு எங்கய்யா கடுதாசி போட்டிருந்தாக. மொட்டைக் கையோட நின்னா நல்லாயிருக்காதுன்னு அவன்தான் கழட்டிக் குடுத்தான். படம் புடிச்சதும் ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கிட்டோம்.”

வீராயி அம்மாவின் முகம் மாறியது. மாலையைப் பார்த்தபோதுகூட அப்படி மாறவில்லை.

“அந்த வாட்ச்சப் பாத்துத்தான் எங்கப்பா பொண்ணு குடுக்கச் சம்மதிச்சாக.”

பெருமாள்சாமி கடிகாரத்தை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

“கல்யாணத்தன்னைக்குக் கையில வாட்ச் இல்ல. எங்கன்னு கேட்டதுக்கு என்ன சொன்னீக?”

“ரிப்பேருக்குக் குடுத்திருக்குன்னேன்.”

“இம்புட்டு வருசமா ரிப்பேர் பாக்குறாகளோ?”

“அவன் போயிட்டான்ல ஆத்தா” என்றார் அவர். “போய்ச் சேந்தவன் பேச்சு கல்யாணத்தன்னைக்கு எதுக்குன்னு விட்டேன். பெறகு சொல்றதுக்கு வாகா ஒரு நாளு அமையல.”

அந்த அம்மாள் கடிகாரத்தை வாங்கிச் சேலையில் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

பெருமாள்சாமி நகத்தால் டேப்பைக் கிளப்பி ஷேடு கார்டை உரித்தார். “இவன்தாம்ப்பா ஒங்க பெரியப்பன்” என்றார்.

முருகேசன் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். நாலு வருடமாக வேறொருவருக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனவர். பெரியப்பாவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

“எங்கப்பாவுக்கும் இப்படித்தான், ஒரு காது மட்டும் வெளிய தூக்கி நிக்கும்” என்றார். “நீங்க ஏன் எங்க வீட்டுப் பக்கம் ஒரு தடவகூட வரலை?”

“வந்தேன்ப்பா. லீவுல வந்து எறங்குனதும் மொத வேலையா வந்தேன். ஒங்க தாத்தா வாசல்ல நின்னாரு. நீ வந்துட்ட, அவன் எங்கன்னு கேட்டாரு. அப்படியே திரும்பி நடந்துட்டேன். பெறகு வர முடியல.” போட்டோவைப் பார்த்தபடி, “இந்த நாளு வந்தா எங்க போய் நிக்கிறதுன்னு தெரியாது. மாலை போட்டிருக்காகன்னு பேத்தி சொன்னப்ப, சரி, அவனுக்கு ஒரு எடம் இருக்குன்னு நெனச்சேன்” என்றார்.

ஆணி

மாலை தரையில் கிடக்கவில்லை. வீராயி அம்மா அதை இத்தனை நேரமும் முழங்கையில் மாட்டியே வைத்திருந்தார். முருகேசனிடம் நீட்டினார். “போடுப்பா. ஒழுங்கா ஆளப் பாத்துப் போடு.”

முருகேசன் வலது மூலையில் மாட்டினார். சம்பங்கி மாலைக்குக் கனம் அதிகம்; சரிந்து சரிந்து இடப்பக்கம் வந்து பெருமாள்சாமி மேல் விழுந்தது. அந்த அம்மாள் விரலால் தள்ளித் தள்ளி விட்டார். மூன்றாவது தடவை சரிந்ததும் என்னைப் பார்த்தார்.

“ஒரு ஆணி அடி தம்பி. இந்தப் பக்கம் வராம நிக்கட்டும்.”

ஏணி போட்டு ஏறி, சட்டத்துக்கு நேர் நடுவில், மேலே சுவரில் ஒரு ஆணி அடித்தேன். முதல் அடி கட்டைவிரலில் விழுந்தது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மாலையின் ஒரு முனை ஆணியில், மறுமுனை வலது மூலையில். செல்லத்துரை மட்டும் மாலைக்குள் வந்தார். பெருமாள்சாமி வெறும் கழுத்தோடு, அவர் தோளில் கை போட்டபடி நின்றார்.

வீராயி அம்மாவும் முருகேசனும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். விதையுள்ள திராட்சைக்கும் விதையில்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று அவர் விசாரித்தார்; முருகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். இருவரும் தின்றார்கள்.

நான் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தேன். பெருமாள்சாமி பக்கத்தில் வந்தார். மனைவி இருந்த திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“தம்பி, எனக்கு ஒண்ணு ஆனதும் வீட்டுலருந்து ஒனக்குப் போன் வரும். சொல்லி வச்சிருக்கேன். வந்ததும் அந்த ஆணியப் பிடுங்கிரு. மாலை முழுசா விழட்டும், ரெண்டு பேரு மேலயும்.”

மற்ற இருபத்திரண்டு போட்டோக்களின் மாலைகளையும் அந்த வாரமே கழற்றி, வீடு வீடாகக் கேட்டு, சரி என்றவர்களுக்கு மட்டும் திரும்ப மாட்டினேன். அது ஒழுங்காக முடிந்த வேலை. சொல்ல ஒன்றுமில்லை.

மிச்சமிருப்பது அந்த ஆணிதான். சம்பங்கி வாடியதும் பழைய மணிமாலையை அதிலேயே மாட்டிவிட்டேன். வாரத்துக்கு ஒருமுறை கண்ணாடி துடைக்கும்போது அதைத் தொட்டு அசைத்துப் பார்க்கிறேன். ஆடுகிற மாதிரி தெரிந்தால் சுத்தியலை எடுத்து இரண்டு தட்டு. ஆடாவிட்டாலும் இரண்டு தட்டு.